ஏலத்தில் எடுத்த பூசணிக்காய்

"மேடம், நான் இப்ப அண்டர்கிரவுண்டுல இருக்கேன். கூண்டு எறங்கிக்கினு இருக்குது. சிக்னல் போயிடும்."

கூட வருகிறவர்களுக்குக் கேட்காமல் கதவருகே நின்று இப்படிச் சொல்லிவிட்டு, போனை வெளிப்பக்கம் ஒரு முழம் தள்ளிப் பிடிப்பேன். மாரிக்குப்பத்தில் கிளம்பி, சாம்பியன் ரீப்ஸில் என்னை ஏற்றிக்கொண்ட ரயில் பங்காருபேட்டையை நெருங்கும் நேரம் அது. தண்டவாளம் பிரியும் இடத்தில் சக்கரங்கள் போடும் கடகடப்பைப் போனில் கேட்டால் சுரங்கத்துக்குள் கூண்டு இறங்குவது போலவே இருக்கும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. இதற்காக யாரும் எனக்குப் பரிசு கொடுக்கவில்லை.

காலை எட்டு மணி அடித்ததும் கிரெடிட் கார்டு வசூல்காரர்கள் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். சென்னையிலிருந்து ஒருவர், ஹைதராபாத்திலிருந்து ஒருவர். இருவரும் என்னை மிகவும் மரியாதையாக நடத்தினார்கள். கோலார் தங்க வயலில் வேலை செய்யும் ஒருவன் பூமிக்கு அடியில் இருப்பதில் அவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. சென்னைக்காரர் ஒரு நாள், "பத்திரமா இருங்க சார், மேல வந்ததும் கூப்பிடுங்க" என்றுகூடச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டுத்தான் சிக்னலை விட்டேன்.

அன்று பேசியது ஒரு புதுப் பெண். பூஜா என்று பெயர் சொன்னாள். நான் என் கூண்டை இறக்கினேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"எந்த ஷாஃப்ட் சார்?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டிலிருந்து தெரியும் ஷாஃப்டின், அதாவது கூண்டு இறங்கும் சுரங்கக் குழியின், பெயரைச் சொன்னேன்.

"சார், அந்த ஷாஃப்ட்ட மூடச்சொல்லோ நானு கைக்கொழந்த. எங்க தாத்தா அங்கதான் மரத்தால முட்டுக் குடுக்கற டிம்பர்மேனா இருந்தாரு. நாங்க ஆண்டர்சன்பேட்டை. இப்ப அங்க கூண்டும் இல்ல, கயிறும் இல்ல, புறாதான் கீது. நீங்க ட்ரெயின்ல போய்க்கினு இருக்கீங்க. பின்னாடி வடை விக்கிறவர் சத்தம் நல்லா கேக்குது."

வடை விற்பவர் அந்த நேரம் பார்த்து என் காதருகில் வந்து, "சூடா வடேய்!" என்றார். இருபது வருடங்களாக அவரிடம் நான் வடை வாங்கி வருகிறேன். அன்றைக்கு வாங்கவில்லை.

இறங்கிய கதை

என் அப்பா முப்பது வருடம் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். என்னை அந்தக் கூண்டின் பக்கமே விடவில்லை. படிக்க வைத்தார், டைப்ரைட்டிங் அனுப்பினார். சுரங்கம் மூடியபோது எங்கள் தெருவே அழுதது. நான் மட்டும் பெங்களூரில் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் ஆனேன். ஒரு நாள்கூடப் பூமிக்கு அடியில் போகாத நான் ஐம்பது வயதில் தினமும் காலையில் கீழே இறங்கினேன் என்று யாராவது அப்பாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

முதல் கடனுக்கு ஒரு நியாயம் இருந்தது. வீட்டுக் கூரை. எங்களுடையது சுரங்கக் கம்பெனி தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. பத்திரம் கையில் வந்தபாடில்லை. பத்திரம் இல்லாத வீட்டுக்கு வீட்டுக் கடன் கிடையாது. ஆனால் மாதச் சம்பளம் வாங்கும் ஆளுக்கு பர்சனல் லோன் உண்டு. வட்டி கொஞ்சம் கூடுதல் என்றார்கள். மழைக்காலத்தில் சோற்றுப் பானைக்கு மேல் குடை பிடித்துப் பார்த்தவர்கள் வட்டியைப் பற்றி அதிகம் விசாரிக்க மாட்டார்கள்.

இரண்டாவது கடனுக்கு நியாயம் எதுவும் இல்லை. ஒரு டிராவல் பேக்தான் இருந்தது. கம்பெனி கேண்டீன் வாசலில் ஒரு பையன் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். கையெழுத்துப் போட்டால் கார்டும் பேக்கும் இலவசம். பேக்கின் ஜிப் மூன்றாவது வாரம் பிய்ந்துவிட்டது. கார்டு ஏழு வருடம் நன்றாக உழைத்தது.

ஒரு கார்டு நாலு கார்டு ஆனது. முதல் கார்டுக்குக் கட்ட இரண்டாவது கார்டு, இரண்டாவதுக்கு மூன்றாவது. மாதக் கடைசியில் என்னைப் பார்த்தால் நாலு அடுப்பில் சமைக்கும் கல்யாணச் சமையல்காரன் போல இருப்பேன். இதில் 'மினிமம் டியூ' என்று ஒன்று உண்டு. வாசலுக்கு வந்த கடன்காரனுக்கு ஒரு காபி கொடுத்து அனுப்புகிற மாதிரி அது. குடித்துவிட்டுப் போவான். அடுத்த மாதம் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான்.

வெளியே நான் ராஜா. ரயிலில் எங்கள் பெட்டிக்காரர்கள் எட்டுப் பேருக்கும் டீ என் செலவு. யாருக்காவது பிறந்த நாள் என்றால் பங்காருபேட்டையில் ஒரு பெட்டி மைசூர்பாக் ஏறும். "சீலன் கிட்ட துட்டுக்கு இன்னா குறைச்சல்" என்பார்கள். குறைச்சல் எவ்வளவு என்று எனக்கும் நாலு வங்கிகளுக்கும் மட்டுமே தெரியும்.

என் மனைவி கிரேஸுக்குத் தெரியாது. அவள் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சரிடமிருந்து கணக்கை மறைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நினைத்துப் பாருங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். அதிலும் என் விஷயத்தில் நிஜமாகவே ஒரு பூசணிக்காய் இருந்தது.

தங்க வயலில் அறுப்பு

எங்கள் கிறிஸ்தவச் சபையில் வருடா வருடம் அறுப்பின் பண்டிகை நடக்கும். ஊரின் பெயரில் வயல் இருக்கிறதே தவிர, அறுப்பதற்கு எங்களிடம் ஒன்றும் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய சைனைட் மண்மேடு. அதில் எருக்கஞ்செடிகூட யோசித்துத்தான் முளைக்கும். ஆனாலும் பண்டிகையை விட முடியுமா? பங்காருபேட்டை சந்தைக்குப் போய் வாழைத்தார், கரும்பு, பூசணி, கோழி எல்லாம் காசு கொடுத்து வாங்கி வந்து, எங்கள் விளைச்சல் என்று ஆண்டவருக்குப் படைப்போம். ஆண்டவருக்கு ரயில் நேரம் முதற்கொண்டு எல்லாம் தெரியும், ஒன்றும் சொல்வதில்லை.

ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். அங்கேதான் மனிதனின் நிஜ குணம் வெளியே வரும். எலுமிச்சம்பழம் ஐந்நூறுக்குப் போகும். முட்டை ஒன்று ஆயிரத்தைத் தொட்ட வரலாறும் உண்டு. சபைக் கட்டடத்துக்குப் போகிற பணம் என்பதால் யாரும் குறை சொல்வதில்லை.

அந்த வருடம் ஒரு பெரிய பூசணிக்காய் வந்திருந்தது. சந்தையில் அறுபது ரூபாய்க்கு அதை வாங்கிக் கொடுத்ததே நான்தான். சபைச் செயலாளர் அதைத் தூக்கிக் காட்டியதும் தாமஸ் அண்ணன், "நூறு" என்றார். தாமஸ் அண்ணன் ரிட்டையர் ஆன பென்ஷன்காரர். முன் வரிசையில் உட்காருவார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு ஏலம் கேட்பார். அந்தத் தட்டலில் ஒரு திமிர் இருக்கும்.

நான் இருநூறு என்றேன். அவர் ஐந்நூறு என்றார். நான் ஆயிரம் என்றேன். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. மூவாயிரத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சீலா, யோசிச்சிக்கோ" என்று சிரித்தார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் யோசித்திருப்பேன்.

"ஏழாயிரத்து எரநூறு" என்றேன்.

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கைதட்டல். நான் அத்துடன் நின்றேனா? "பணத்த இப்பவே கட்டிடறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பைக்கில் ராபர்ட்சன்பேட்டை ஏடிஎம்முக்குப் போனேன். கிரெடிட் கார்டைச் செருகி ரொக்கமாக எடுத்தேன். பொருள் வாங்கினால்தான் தவணை நாள் வரை வட்டி இல்லை, ரொக்கம் எடுத்தால் எடுத்த நிமிடத்திலிருந்தே வட்டி ஓடும் என்பதை அந்தக் கேண்டீன் வாசல் பையனின் மேஜையில் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதியிருந்தாலும் நான் பேக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசணிக்காயை கிரேஸ் அல்வாவாகவும் சாம்பாராகவும் கூட்டாகவும் செய்து, லைன் முழுக்கக் கொடுத்தாள். நாலு நாளில் தீர்ந்துவிட்டது.

இன்னும் உயிரோடு

ஆண்டர்சன்பேட்டைப் பெண் விடவில்லை. மறுநாளும் கூப்பிட்டாள். இப்போது நான் பூமிக்கு மேலேயே இருந்தேன். அவளிடம் போய்க் கீழே இறங்க என்ன இருக்கிறது.

"சார், உங்க ஸ்டேட்மென்ட்ட பாத்துக்கினு இருக்கேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஏழாயிரத்து எரநூறு கேஷ் எடுத்திருக்கீங்க. இன்னாத்துக்கு சார்? ஆஸ்பத்திரி செலவா?"

"பூசணிக்காய்மா."

"சார்?"

"பூசணிக்காய். அறுப்பின் பண்டிகை ஏலம்."

மறுமுனையில் மூக்கால் சிரிக்கும் ஒரு சத்தம்.

"கால் ரெகார்ட் ஆவுது சார், சிரிக்க வெக்காதீங்க. நீங்க மினிமம் மட்டும் கட்டிக்கினு வந்ததுல வட்டி, லேட் ஃபீ எல்லாம் சேத்து அதுக்கு மட்டும் பதினெட்டாயிரம் தாண்டிடுச்சு. உங்க பூசணிக்கா இன்னும் உயிரோடதான் கீது சார்."

எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் குரல் மாறியது. மூன்று மாதமாக நான் மினிமம்கூடக் கட்டவில்லை. இந்த வாரக் கடைசிக்குள் கட்டாவிட்டால் என் ஃபைல் அவள் கையோடு நிற்காது. வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள்.

"வீட்ல ஆன்ட்டிக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"அவங்க வந்து சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. எங்கப்பா சொல்லல. வாசல்ல வந்து கேட்டவங்க சொல்லித்தான் எங்கம்மாவுக்குத் தெரிஞ்சுது. ஒரு மாசம் எங்க வீட்ல அடுப்பு எரியல சார். கடனுக்காவ இல்ல."

லைன் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். சுவர் ஒன்றுதான், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கஷாயம் வைப்பார்கள். வாசலில் இரண்டு பேர் வந்து நின்று பணம் கேட்டால் இருபது வீட்டுக்கு அது செய்தி. அந்த இருபது வீட்டோடு சேர்ந்து கிரேஸும் அதைக் கேட்க வேண்டியிருக்கும்.

சொல்லப்போன நாட்கள்

அன்று சாயங்காலமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சாப்பிட உட்கார்ந்ததும், "கிரேஸ், ஒரு விஷயம்" என்றேன்.

"இன்னாங்க?"

அவள் முகத்தைப் பார்த்தேன். "குழம்புல உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் போட்டாள். கரித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் குடும்ப ஜெபத்தில் சொல்லிவிடலாம் என்று திட்டம். கண் மூடியிருக்கும்போது சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டாம். பரமண்டல ஜெபத்தில் கடனை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் இடம் வந்ததும் என் குரல் கம்மி நின்றுவிட்டது. கிரேஸ் ஜெபத்தை முடித்துவிட்டு எழுந்து போய் மிளகுக் கஷாயம் வைத்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். அதை அவள் கைப்பையில் வைக்கப் போனேன். பையில் திருத்தாத கணக்குப் பரீட்சைத் தாள்கள் இருந்தன. என் காகிதத்தையும் சிவப்புப் பேனாவால் திருத்திவிடுவாள் என்று பயந்து, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டேன். இப்படியே வாரம் முடிந்தது.

சேவல்

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை அந்த வருடத்து அறுப்பின் பண்டிகை. சனிக்கிழமை மத்தியானம் நான் சபைக் கோயிலில் பந்தல் கட்ட உதவி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஒரு பைக். இரண்டு பேர். அதில் பெரியவரின் ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் எங்கள் வீட்டுச் சேவல்.

அதற்கு முன்னால் நடந்ததை கிரேஸ் பின்னாளில் பல பேரிடம் நடித்துக் காட்டியதால் எனக்கு மனப்பாடம். பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை கமிட்டி ஆட்கள் வீடு வீடாக வந்து ஏலத்துக்குப் பொருள் வாங்கிப் போவது வழக்கம். இவர்கள் இருவரும் கையில் ஃபைலோடு வந்து, "ஜெயசீலன் வீடுதானே?" என்று கேட்டார்கள். ஃபைலைப் பார்த்ததும் கிரேஸ் அதை ரசீதுப் புத்தகம் என்று எடுத்துக்கொண்டாள்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. இந்த வருஷம் புது ஆளுங்களப் போட்டுக்கிறாங்களா?"

"மேடம், நாங்க பெண்டிங் அமௌன்ட் விஷயமா வந்திருக்கோம்."

"பாக்கியா? எங்க வீட்டுக்காரரு ஏலத்தன்னிக்கே ரொக்கமா கட்டினாரே! எழுதாம வுட்டுட்டாங்களா? நீங்க தாமஸ் அண்ணன் வீட்டுக்குப் போங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த ஆட்டுக்கே அவரு இன்னும் குடுக்கல."

ஆம். இது எனக்கே அப்போதுதான் உறைத்தது. எங்கள் சபை ஏலத்தில் அன்றைக்கே பணம் கட்டும் வழக்கமே கிடையாது. அடுத்த அறுப்பு வரைக்கும் தவணை உண்டு. அதற்கு மேலும் இழுக்கலாம். வட்டி கிடையாது. சபைப் போதகரான ஐயர் வந்து அன்பாக விசாரிப்பார், அவ்வளவுதான். வட்டியே இல்லாத கடனை அடைக்க, ஊரிலேயே பெரிய வட்டிக்குக் கடன் வாங்கிய ஒரே ஆள் நான்.

கிரேஸ் அவர்களுக்குப் பேச இடமே கொடுக்கவில்லை. காபி கொடுத்தாள். பின்பக்கம் போய்ச் சேவலைப் பிடித்து வந்து பெரியவர் கையில் திணித்தாள். "ஜெயசீலன் கிரேஸ் குடும்பம்னு எழுதிக்கங்க. நல்ல வெலைக்குப் போவும்."

என்னைப் பார்த்ததும் அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "சார், மொதல்ல இதப் பிடிங்க" என்றார். சேவலை வாங்கிக்கொண்டேன். வசூலுக்கு வந்தவர் கையிலிருந்து எனக்கு ஏதாவது வந்தது அந்த ஒரு தடவைதான்.

"கிரேஸ், இவங்க கோயில்லேர்ந்து வரல" என்றேன்.

பக்கத்து வீட்டில் ரேடியோ சத்தம் குறைந்தது.

அவள் இரண்டு பேரையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "அந்த ஃபைலக் குடுங்க" என்றாள். பரீட்சைத் தாளைப் படிப்பது போல ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள்.

"இது ஒண்ணுதானா?" என்று என்னைக் கேட்டாள்.

சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். வியர்வையில் மடிப்பெல்லாம் பிய்ந்திருந்தது. நாலு கார்டும் கூரைக் கடனும் சேர்த்து ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அவள் கூட்டிப் பார்த்தாள். என் கூட்டல் தப்பு, பதினாலாயிரம். திருத்தினாள்.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். திங்கட்கிழமை பேசலாம் என்று சொல்லி, காபி டம்ளரைத் திண்டின்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். ரயிலில் நான் தினமும் இறக்கிய கூண்டு உட்பட எல்லாவற்றையும் கிரேஸிடம் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் சொன்னாள்:

"எங்கப்பா இருவத்தெட்டு வருஷம் கூண்டுல போனாரு. ஒரு நாளும் வீட்ல சொல்லாம போனதில்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. பணத்துக்காக அல்ல. ரயிலில் வடை விற்பவருக்குத் தெரிந்திருந்தது, ஆண்டர்சன்பேட்டையில் முகம் தெரியாத ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. இருபத்து நாலு வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியவில்லை. கிரேஸ் அழுது நான் பார்த்தது அன்று இரண்டாவது தடவை. முதல் தடவை அவள் அப்பா இறந்தபோது.

அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் எரிந்தது. அந்தச் சேவல் ஏலத்துக்குப் போனது. தாமஸ் அண்ணன் இரண்டாயிரத்துக்கு எடுத்தார். கடனுக்குத்தான்.

ஏறிய கதை

திங்கட்கிழமை வந்த போனை கிரேஸ்தான் எடுத்தாள். நான் ரயிலுக்குப் போக வேண்டும், போனைக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து பூஜாவும் கிரேஸும் பேசிக்கொண்டார்கள். என் கடனைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் பேசினார்கள்.

பாதித் தொகை கட்டி செட்டில்மென்ட் செய்துவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். "ஆன்ட்டி, அப்டி முடிச்சா ரெகார்டுல கறையா நிக்கும்" என்றாள் பூஜா. அபராதத்தில் கொஞ்சம் தள்ளுபடி, மீதியை மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லி எப்படிக் கடிதம் எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். கிரேஸ் எழுதினாள். ஒரு எழுத்துப் பிழை இல்லாத அந்தக் கடிதத்தை மறுக்க வங்கிக்கு மனம் வரவில்லை போலும்.

என் பைக் போனது. ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசியை முறித்தோம். உன் வளையலை வைக்கலாமா என்று நான் கேட்டேன். "வளையல வித்தா கடன் போவும். பழக்கம் போவாது" என்றாள். என் சம்பளம் முழுக்க அவள் கைக்குப் போனது. எனக்கு ரயில் பாஸும் தினம் முப்பது ரூபாயும். சாயங்காலம் வீட்டில் அவள் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். வட்டி அதிகமான கார்டு முதலில், அடுத்தது அடுத்து என்று சமையலறைக் காலண்டரில் வரிசை எழுதி ஒட்டினாள்.

கார்டுகளை அவள் தையல் கத்தரியால் வெட்டினாள். ஒன்றுக்குப் பிளாட்டினம் என்று பெயர். காற்றடித்தால் ஆடும் எங்கள் சமையலறை ஜன்னல் இன்று ஆடாமல் நிற்பது சந்தில் செருகிய அதன் ஒரு துண்டின் புண்ணியத்தில்தான். அந்தக் கார்டு எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது.

ரயிலில்தான் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் டீக்காரர் வந்து எட்டு டம்ளர் ஊற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு டீக்கு மட்டும் காசு கொடுத்தேன். என்னவென்று கேட்டார்கள். சொன்னேன், பூசணிக்காய் உட்பட எல்லாவற்றையும். சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரை ஏறியது. அப்புறம் இரண்டு பேர் மெதுவாக என் பக்கத்தில் நகர்ந்து வந்து, "அந்த லெட்டரு எப்டி எழுதணும், அண்ணிகிட்ட கேட்டுச் சொல்லேன்" என்றார்கள்.

மூன்று வருடம் ஆனது. போன மாதம் கடைசிப் பாக்கியும் முடிந்து, பாக்கி இல்லை என்ற கடிதம் வந்தது. பூஜா கடைசியாகக் கூப்பிட்டாள். என்னிடமும் ஒரு நிமிடம் பேசினாள்.

"இனிமே நானு கூப்பிட மாட்டேன் சார். மேல வந்துட்டீங்க."

அவள் நிஜப் பெயர் பூஜா இல்லை என்றும் சொன்னாள். நிஜப் பெயரை கிரேஸிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

இந்த வருடத்துப் பூசணி

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அறுப்பின் பண்டிகை. மூன்று வருடமாக ஏலத்தின்போது நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவது வழக்கம். இந்த வருடமும் அப்படியே உட்கார்ந்தேன். செயலாளர் பூசணிக்காயைத் தூக்கினார். சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

"இன்னா சீலண்ணே, கேக்கலியா?"

என் கைகள் அசையவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நூத்தம்பது."

கிரேஸ். தாமஸ் அண்ணன் வேட்டியைத் தட்டிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"அண்ணே, அந்த ஆட்டுக்கும் சேவலுக்கும் குடுத்துட்டு இதக் கேளுங்க" என்றாள் கிரேஸ்.

ஐயர் முகத்தைப் பைபிளால் மறைத்துக்கொண்டார். மூன்று தரம் சொல்லி முடிந்தது. கிரேஸ் எழுந்து போய், கைப்பையிலிருந்து நூறு ஒன்று, ஐம்பது ஒன்று எடுத்து மேஜையில் வைத்தாள். ரசீது கேட்டாள். ரசீதுப் புத்தகம் எங்கே என்று தேடவே செயலாளருக்குப் பத்து நிமிடம் ஆனது.

பைக் இல்லாததால் நடந்து வந்தோம். பூசணிக்காய் என் இரண்டு கையிலும். ரயில்வே கேட் பக்கத்தில் என் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கக் கை இல்லை. கிரேஸ் எடுத்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

ஒரு பெண் குரல், தேன் மாதிரி. "ஜெயசீலன் சாரா? வாழ்த்துகள் சார்! உங்க ஸ்கோர் ரொம்ப நல்லா இருக்கு. உங்களுக்கு ஒரு புது கிரெடிட் கார்டு, ரெண்டு லட்சம் லிமிட்டோட, முன்னாடியே அப்ரூவ் ஆயிருக்கு. கூடவே ஒரு டிராவல் பேக்..."

எனக்குக் கால் நின்றுவிட்டது. கிரேஸ் என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த பூசணிக்காயைப் பார்த்தாள். பொய் சொல்லி நான் பார்த்தறியாத என் மனைவி, போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அவரு ஷிஃப்டுல இருக்காரும்மா. அண்டர்கிரவுண்டு. கூண்டு எறங்கிடுச்சி, இனிமே சிக்னல் கெடைக்காது."

போனை அணைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, "நடங்க, சாம்பார் வெக்கணும்" என்றாள்.